நடக்காததும் செய்திதான்

அத்தியாயம் 14

போக்குவரத்து அலுவலக இன்ஜினீயர் நேற்று ஃபோனை வைப்பதற்கு முன்னால் சொன்ன ஒரே ஒரு வாக்கியம், நம் எடிட்டரின் தூக்கத்தை முழுதாக விழுங்கி ஏப்பமும் விட்டுவிட்டது.

“பஸ் ஸ்டாப்பை மாத்தச் சொன்னது யாருன்னு ஊரெல்லாம் கேக்கறீங்களே மேடம், உங்க வீட்டுல கேட்டீங்களா?”

வீட்டில் என்றால் அவளைத் தவிர இரண்டே பேர். ஒருவன் தம்பி. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, மிச்ச நேரத்தில் அக்காவின் செய்தித் தளத்துக்குப் படம் எடுப்பான், குட்டிக் குட்டிச் செய்திகளும் எழுதுவான். குடும்பத்தில் அவன் பெயர் லென்ஸ். தன் செருப்பையே ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்தி வைக்க யோசிக்கிறவன், பஸ் ஸ்டாப்பையா நகர்த்தப் போகிறான்?

மிச்சம் அம்மா.

அம்மா ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர். உலகத்தில் பாதிப் பேரை மீதிப் பேரோடு பேச வைத்தவர் அவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இப்போது குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். அவர் ஓர் அலுவலகத்துக்குள் நுழைந்து “ஒரு சின்ன விஷயம்” என்று ஆரம்பித்தால், அதிகாரிகள் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம்தான் விஷயம் என்னவென்று கேட்பார்கள்.

இந்த வாரம்தான் வண்டி ஏறுகிறவர்களுக்காகக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லிவிடுகிறேன். மேட்டின் உச்சியில் ஒரு கிளினிக். முன்பெல்லாம் அதன் வாசலிலேயே பஸ் நிற்கும். நோயாளிகள் ஒரு காலை பஸ் படியிலும் மறு காலை டாக்டர் அறையிலும் வைத்து இறங்கலாம். சில மாதங்களுக்கு முன்னால் அந்த நிறுத்தத்தைப் பெயர்த்து மேட்டின் அடியில் நட்டுவிட்டார்கள். இப்போது அந்தக் கிளினிக்குக்குப் போய்ச் சேர்வதற்கே நல்ல ஆரோக்கியம் வேண்டும். யார் கேட்டு மாற்றினார்கள் என்பதை இன்று மாலை வெளியிடுவதாக வாசகர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தது ‘பக்கத்துத் தெரு’.

அதுதான் எடிட்டர் நடத்தும் தளத்தின் பெயர். நாலைந்து தெரு, இரண்டு பாலம், ஒரு மார்க்கெட்: அதன் பூகோளம் அவ்வளவுதான். உலக யுத்தமே மூண்டாலும், குண்டு மார்க்கெட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தால்தான் அதற்குச் செய்தி. லாபநோக்கமற்ற அமைப்பு என்று பதிவு செய்திருக்கிறார்கள். நோக்கம் இல்லை என்பது சட்டம். நோக்கினாலும் தென்படாது என்பது நிலவரம். விளம்பரம் கிடையாது. வாசகர்கள் மனமுவந்து கொடுப்பதில் வண்டி ஓடுகிறது. அவர்கள் அதன்மேல் வைத்திருக்கும் நம்பிக்கைதான் பெட்ரோல்.

அலுவலகம் சலவைக் கடைக்கு மேல் மாடி. கீழே நீராவி இஸ்திரி ஓட ஓட மேலே தரை சூடேறும். அந்த அறையில் யாரும் நின்றுகொண்டு வெட்டிப்பேச்சுப் பேசியதாகச் சரித்திரம் இல்லை. ஒரு யானை அங்கே வந்து தும்மினால், மேஜை நாற்காலிக்கெல்லாம் ஜலதோஷம் பிடிக்கும், அவ்வளவு விசாலம்.

இன்று காலை எடிட்டர் அங்கே கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தாள். வரும் வழியில் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் இன்ஜினீயரை நேரில் பார்த்தாள். கோப்பு பார்க்கிற கிளார்க்கைத் தனியாகக் கேட்டாள். வாசலில் இருந்த காவலாளியையும் கேட்டாள். மூன்று பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். செயலாளர் அம்மா வந்தார்கள், உட்கார்ந்தார்கள், நிறுத்தத்தை மாற்றுகிறேன் என்று இன்ஜினீயர் சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை. காவலாளி மட்டும் கூடுதலாக, ரொம்பத் தங்கமான மனுஷி என்றார்.

எழுதி முடித்ததை லென்ஸ் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். ‘சங்கம் கேட்டுக்கொண்டது’ என்று பொதுவாகப் போட்டுவிடலாமே, அதில் பொய் ஒன்றும் இல்லையே என்றான். வேறு யாராவது அம்மாவாக இருந்தால் பொதுவாகப் போட்டிருப்போமா என்று எடிட்டர் கேட்டாள். கடைக்கு நேரமாகிவிட்டது என்று அவன் கிளம்பிவிட்டான்.

தளத்தை நடத்தும் அறக்கட்டளையின் தலைவர் ஒரு பல் டாக்டர். அவரையும் கூப்பிட்டுச் சொன்னாள். அந்த நேரத்தில் யாரோ ஒருவர் அவர் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு கிடந்திருக்க வேண்டும். டாக்டர் சுருக்கமாகவே பேசினார். எழுதக் கூடாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவர் எடிட்டரின் தாயார் என்பதைச் செய்தியிலேயே சொல்லிவிட வேண்டும் என்றார். இதை அவள் ஏற்கெனவே எழுதியிருந்தாள். அப்புறம் அவர், வழக்கப்படி படித்துக் காட்டிவிட்டீர்களா என்று கேட்டார்.

அந்த ஒன்றைத்தான் எடிட்டர் இன்னும் செய்யவில்லை.

‘பக்கத்துத் தெரு’வில் ஒரு வழக்கம் உண்டு. முன்பு ஒரு சமயம், செருப்புக் கடைக்காரர் ஒருவர் குடலிறக்க ஆபரேஷனுக்காகக் கடையைப் பூட்டிவிட்டுப் போயிருக்க, கடை நிரந்தரமாக மூடப்பட்டது என்று இவர்கள் உருக்கமாக ஒரு வழியனுப்புக் கட்டுரையே எழுதிவிட்டார்கள். அவர் அதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் தையல் இரண்டு பிரிந்துவிட்டதாகக் கேள்வி. அன்றிலிருந்து, ஒரு செய்தியால் யாருக்குக் காயம் படுமோ அவருக்கு, வெளியிடுவதற்கு முன்னால், எழுதியவரே தன் வாயால் முழுதாகப் படித்துக் காட்ட வேண்டும். கேட்கிறவர் பதில் சொல்லலாம். அந்தப் பதில் செய்தியில் அப்படியே சேரும். எதையும் வெட்டச் சொல்ல மட்டும் முடியாது.

ஃபோனில் படித்துக் காட்டவும் இடம் உண்டு. ஆனால் டெலிபோன் ஆபரேட்டரிடம் ஃபோனில் போய் மாட்டிக்கொள்வதைவிட நேரில் போய் விழுவது மேல் என்று எடிட்டர் வீட்டுக்கு நடந்தாள்.

அம்மா துவைத்து உலர்ந்த படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் ஒரு விரிப்பின் இரண்டு முனையை அவள் கையில் கொடுத்தார். இருவரும் தள்ளி நின்று இழுத்தார்கள், உதறினார்கள், நெருங்கி வந்தார்கள், மறுபடி தள்ளிப் போனார்கள். ஒவ்வொரு தடவை நெருங்கி வரும்போதும் சொல்லிவிட வேண்டும் என்று எடிட்டர் வாயைத் திறந்தாள். ஒவ்வொரு தடவையும் வாயை மூடிக்கொண்டு பின்னால் போனாள். கடைசி விரிப்பும் மடிந்து அடுக்காகிவிட்டது. இனி பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

“அம்மா, உங்களைப் பத்தி ஒரு செய்தி. போடறதுக்கு முன்னாடி படிச்சுக் காட்டணும்.”

“என்ன புதுசா நீங்க நாங்கன்னு?”

“இது வேலை.”

அம்மாவின் முகம் சட்டென்று மலர்ந்ததைப் பார்த்து எடிட்டருக்குப் பகீர் என்றது. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தலையை லேசாக இடப்பக்கம் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். நாற்பது ஊர் இரைச்சலுக்கு நடுவே ஒரு குரலைப் பிரித்துக் கேட்டுப் பழகியவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். அந்த நேரம் பார்த்து லென்ஸ் சாப்பிட வந்தான். நிலைமையைப் பார்த்துவிட்டுக் கதவோரமே நின்றுவிட்டான்.

எடிட்டர் படித்தாள். செய்தி ஒரு நீச்சல் பயிற்சியாளரில் தொடங்கியது. ஒரு காலத்தில் ஒரே மூச்சில் ஆற்றைக் குடித்து அக்கரையில் போய்த் துப்பக்கூடியவர் அவர். இப்போது நுரையீரல் பாதி வேலை செய்கிறது. கிளினிக்குக்கு வரும் நாளில் மேட்டில் ஒவ்வொரு விளக்குக் கம்பமாகப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறுகிறார். ‘பஸ்ஸில் வருவது பிரயாணமே இல்லை, இறங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது’ என்று அவர் சொன்னதை எடிட்டர் அப்படியே போட்டிருந்தாள்.

அம்மா கண்ணைத் திறந்தார். அந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். எடிட்டர் படித்தாள். கம்பத்தைப் பிடித்துக்கொண்டா நின்றார் என்று மெதுவாகக் கேட்டார். லென்ஸ் தலையாட்டினான், அவன்தான் படம் எடுத்தவன்.

மலர்ச்சி போய்விட்டது. அடுத்து வந்தது, நிறுத்தத்தை மாற்றக் கேட்டவர் செயலாளர் என்ற பகுதி. அதை அவர் அசையாமல் கேட்டார்.

“உங்க பதில்?” என்றாள் எடிட்டர்.

“நான்தான் கேட்டேன். ஆமா. யாரு கேட்டாங்கன்னு நீ தேடறதைப் பாத்து, நல்லது பண்ணினவங்களைத் தேடறேன்னு நினைச்சேன். நானே வந்து சொன்னா நல்லா இருக்காதேன்னு சும்மா இருந்தேன்.”

“இதுல என்னம்மா நல்லது?”

“கிளினிக் கீழே புதுக் கட்டடத்துக்குப் போகப் போகுதுன்னு நீதானே போட்டே?”

அதை எடுத்துக் காட்டச் சொல்லி எடிட்டர் லென்ஸிடம் கை நீட்டினாள்.

லென்ஸ் ஃபோனை எடுத்துத் தேடினான். இருந்தது. ‘கிளினிக் இடம் மாறுகிறது’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. மேலே அவன் எடுத்த படம்: மேட்டடியில் புதுக் கட்டடம், பின்னால் நீல வானம், வானத்தில் அளவாக ஒரு மேகம். அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அம்மா விளக்கினார். அந்த அலுவலகத்தில் ஒரு காகிதம் ஒரு மேஜையிலிருந்து பக்கத்து மேஜைக்குப் போவதற்குள் இரண்டு பேர் ஓய்வுபெற்றுவிடுவார்கள். கிளினிக் மாறிய பிறகு கேட்டால் நோயாளிகள் பாடு திண்டாட்டமாகிவிடும் என்று முன்கூட்டியே போய் உட்கார்ந்தார். அவர்களோ வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுறுசுறுப்பாக இருந்துவிட்டார்கள். கிளினிக் மாறுவதற்கு முன்னால் ஸ்டாப் மாறிவிட்டது.

“சரி, ரெண்டு நாள் கஷ்டம்தானே, கிளினிக் இப்ப மாறிடும்னு இருந்தேன். என்னிக்கு மாறுதுன்னு உன் தளத்துல தினமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

எடிட்டர் செய்தியைக் கீழே வைத்தாள்.

கிளினிக் மாறப் போவதில்லை. புதுக் கட்டடத்து லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. நோயாளியை நிற்க வைத்துத்தான் மேலே கொண்டுபோக முடியும் என்றால் எந்த டாக்டர் ஒப்புவார்? திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள். இது எடிட்டருக்குத் தெரியும். வேறொரு செய்திக்காகக் கிளினிக்குக்குப் போனபோது பெரிய டாக்டரே சொல்லிச் சிரித்தார், அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தாள். எழுதத் தோன்றவில்லை. நடந்தால் செய்தி. நடக்காதது எப்படிச் செய்தியாகும்? அப்படி எழுத ஆரம்பித்தால் உலகத்தில் நடக்காதவற்றுக்கு முடிவு ஏது?

மேட்டடியில் அந்த நிறுத்தத்தை நட்டு வைத்தது யார் என்று இத்தனை நாளாகத் தேடியவளுக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. அதில் அம்மாவின் கையும் இருந்தது, அவள் கையும் இருந்தது.

இதை அவள் வாய்விட்டுச் சொன்னபோது அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெற்றவளுக்கு முகம் படிக்க வெளிச்சம் வேண்டுமா என்ன?

“சரி, நான் சொன்னதை விட்டுடு,” என்றார். “செயலாளர் பதில் ஒண்ணும் சொல்லலேன்னு போட்டுக்கோ.”

“அம்மா...”

“நாளைக்குச் சங்கக் கூட்டத்துல நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. பேசட்டும். லைன் கெட்டுப் போனாலும் ஜனங்க ஆபரேட்டரைத்தான் திட்டுவாங்க. கேட்டுக் கேட்டுத் தழும்பேறின காது இது.”

அது வெறும் நாலு பேர் பேச்சோடு போகிற விஷயம் இல்லை என்பது மூவருக்குமே தெரியும். சங்கத் துணைத் தலைவர் அந்தச் செயலாளர் நாற்காலியின் மேல் வைத்த கண்ணை வாங்காமல் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார். கண் சிமிட்டினால்கூட ஒன்று மாற்றி ஒன்றாகத்தான் சிமிட்டுவார். நாளைக்கு அம்மாவை எழுப்பிவிட்டு அவர் உட்கார்ந்துவிடுவார். ஓய்வுபெற்ற பிறகு அம்மாவுக்கு இருக்கிற ஒரே வேலை அது.

அம்மா யோசனையை இன்னும் செம்மைப்படுத்தினார். நாளைக் காலையில் தானே போய் உட்கார்ந்து நிறுத்தத்தை மறுபடி மேலே ஏற்றிவிடுவார். நீச்சல்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்பார். தளத்துக்கு ஒரு கீறலும் விழாது. தளம் கெட்டுப்போனால் இந்தத் தெருக்களைப் பற்றி எழுத வேறு யார் இருக்கிறார்கள்? சங்கத்துக்கு ஆயிரம் செயலாளர்கள் கிடைப்பார்கள்.

லென்ஸுக்கு இது பிடித்திருந்தது. அந்த நீல வானமும் மேகமும் அவனுடையவை அல்லவா? அம்மாவே சொல்கிறபோது என்ன என்று அவன் அக்காவிடம் மெல்லக் கேட்டான்.

எடிட்டருக்கும் ஒரு கணம் மனசு வழுக்கியது. சொல்லாமல் இருக்க மாட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டியவள் அவள் அல்ல. மறைத்து, பிசைந்து, ஊட்டிவிடவே அம்மா தயாராக இருக்கிறார். வாயைத் திறந்தால் போதும்.

“பதிலை எடுக்கற உரிமை உங்களுக்கு இல்லம்மா. எனக்கும் இல்ல.”

“நான் பதிலே சொல்லலேன்னு வெச்சுக்க.”

“சொன்னீங்க. நான் கேட்டுட்டேன்.”

அம்மா எழுந்தார். கோபம் வந்தால் அவருக்குக் குரல் தணியும். அந்தக் குரலுக்குப் பயந்து கடலுக்கடியில் போன கம்பிகள்கூட நடுங்கியதுண்டு.

“பெத்தவ குடுக்கறதை வேண்டாம்னு தள்ளறதுக்குன்னே ஒரு படிப்பு இருக்கா? அதைத்தான் படிச்சியா?”

எடிட்டரும் அழவில்லை, அம்மாவும் அழவில்லை. மடித்த விரிப்புகளை அம்மா உள்ளே எடுத்துக்கொண்டு போனார். கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் தேவலை என்று எடிட்டருக்குத் தோன்றியது.

சூடான தரைக்குத் திரும்பி வந்து பல் டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் முழுதாகக் கேட்டுவிட்டு, நம்மைத் தாங்குகிற வாசகர்களில் சிலர் விலகலாம் என்றார். தெரியும் என்றாள். மயக்க ஊசி போடாமல் உங்கள் பல்லை நீங்களே பிடுங்கிக்கொள்கிறீர்கள், பிடுங்குங்கள், நான் வெளிச்சம் காட்டுகிறேன் என்றார்.

செய்தியில் நீச்சல்காரரைக் கீழே இறக்கிவிட்டு, முதல் பத்தியைப் புதிதாக எழுதினாள்.

‘கிளினிக் இடம் மாறப் போகிறது என்று எழுதியவர்கள் நாங்கள். மாறப் போவதில்லை என்று தெரிந்த பிறகும் எழுதாமல் இருந்தவர்கள் நாங்கள். எங்களை நம்பி, பஸ் நிறுத்தத்தை மேட்டடிக்கு மாற்றக் கேட்டவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். அவர் எடிட்டரின் தாயார்.’

அம்மாவின் மேல் இருந்த தவறில் ஒரு துளியையும் அவள் குறைக்கவில்லை. கேட்கப் போகும் முன் கிளினிக்குக்குள் ஓர் எட்டு எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம், செயலாளர் விசாரிக்கவில்லை என்றும் எழுதினாள். அதை எழுதும்போது மட்டும் விரல் இரண்டு தடவை நின்றது. அம்மாவின் பதிலை, ‘தினமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்’ என்பது உட்பட, ஓர் எழுத்து மாற்றாமல் சேர்த்தாள்.

கீழே சலவைக் கடையில் விளக்குப் போட்ட நேரம் செய்தி வெளியானது.

சங்கத் துணைத் தலைவர் அதை வட்டாரம் முழுக்கப் பரப்பிய வேகத்தில் ஒளியே வெட்கப்பட்டு ஒதுங்கி நின்றது. வெகுநாள் வாசகர் ஒருவர், உங்களையும் நம்ப முடியாதென்றால் எதற்கு ஆதரவு என்று எழுதிவிட்டு விலகிக்கொண்டார். நீச்சல்காரர் கூப்பிட்டார். திட்டுவார் என்று எடிட்டர் எதிர்பார்த்தாள். அவர் மூச்சு வாங்க வாங்க, ஸ்டாப் என்றைக்கு மேலே வரும் என்று மட்டும் கேட்டார். தெரிந்ததும் எழுதுகிறோம், தாமதமானால் தாமதமாகிறது என்றும் எழுதுகிறோம் என்றாள்.

வீட்டுக்குப் போனபோது அம்மா மேஜையில் டேப்லெட்டைச் சாய்த்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் லென்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எடிட்டர் எதிரில் உட்கார்ந்தாள்.

அம்மா தளம் படிக்கும் அழகைச் சொல்ல வேண்டும். மகள் பெயரைப் பார்ப்பார், ஆகா என்பார், தெரிந்தவர் அத்தனை பேருக்கும் அனுப்பிவிடுவார். எல்லாம் ஒரு கொட்டாவி நேரத்துக்குள் முடிந்துவிடும். இன்றைக்கு விரல் வரிவரியாக நகர்ந்தது. நின்றது. திரும்பி மேலே போனது. மறுபடி இறங்கியது. எடிட்டர் தன் முழுப் பரீட்சைப் பேப்பரும் திருத்தப்படுவதுபோல் காத்திருந்தாள்.

“இத்தனை நாளா நான் படிச்சேன்னா நினைச்சிட்டிருந்தே?” என்றார் அம்மா, தலையைத் தூக்காமல். “உன் பேரைப் பாத்தேன். நம்பிட்டேன். அவ்வளவுதான் நடந்தது.”

இந்த ஊரில் எடிட்டர் எழுதியதை ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பிய ஒரே ஜீவன் அது. அதை இன்றைக்கு அவள் தன் கையாலேயே தொலைத்திருந்தாள்.

“இனிமே படிக்கறேன்.”

கோபம் தணிந்துவிட்டதா, இல்லையா? அந்தக் குரலிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. நாளைக்குக் கூட்டத்துக்கு நானும் கூட வரட்டுமா என்று எடிட்டர் கேட்டாள். அம்மாவுக்குக் காது கேட்கவில்லை. அவருக்குக் காது கேட்காதது அதுவே முதல் தடவை.

விரல் அடுத்த செய்திக்கு இறங்கியது. நூலகம் இனி விடுமுறை நாட்களிலும் திறந்திருக்கும் என்று மூன்றே வரி. எழுதியவன் லென்ஸ். அம்மா மூன்று வரியையும் மூன்று தடவை படித்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“‘அதிகாரி ஒருவர் தெரிவித்தார்’னு போட்டிருக்கு. எந்த அதிகாரிடா?”

லென்ஸின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. அவன் மெல்லத் திரும்பி எடிட்டரைப் பார்த்தான். எடிட்டருக்கும் அது இப்போதுதான் உறைத்தது. அவளும் அவனைக் கேட்டிருக்கவில்லை.

“அவளை ஏன்டா பாக்கறே?” என்றார் அம்மா. “கேட்டது நான்.”